அங்கே முடிந்தது இங்கே முடிந்ததா?

“தம்பி, மாப்பிள்ளை அமெரிக்காவுல டைவர்ஸ் வாங்கிட்டாராம். கோர்ட்டு சீல் போட்ட பேப்பர் மெயில்ல வந்திருக்கு. பொண்ணுக்கு வேற இடம் பார்க்கலாமா?”

ராஜபாளையத்தில் இப்படிக் கேட்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். நூல் மில்லிலும் பேண்டேஜ் தறியிலும் உழைத்துப் படிக்கவைத்த பிள்ளைகள் இன்று டல்லாஸிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் குடும்பம் நடத்துகிறார்கள். கல்யாணம் மட்டும் பெரும்பாலும் இங்கே, நம் ஊர் மண்டபத்தில், நம் சொந்தங்கள் முன்னால் நடக்கிறது. கல்யாணம் முறிந்தால் வழக்கு அங்கே நடக்கிறது. இங்கே நடந்த கல்யாணத்தை அங்கே வாங்கிய தீர்ப்பு முறித்துவிடுமா என்பதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அண்ணாச்சி. அவசரப்பட்டு வரன் பார்க்காதீர்கள். அந்தப் பேப்பர் செல்லவும் செல்லலாம், செல்லாமலும் போகலாம். சீலைப் பார்த்து அதை முடிவு செய்ய முடியாது. உங்கள் மகள் அந்த வழக்கில் எங்கே இருந்தார், என்ன காரணத்துக்காகத் தீர்ப்பு கொடுத்தார்கள் என்ற இரண்டையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டுத் தீர்ப்பை நம் நீதிமன்றம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், அதாவது சிபிசி, 13ஆம் பிரிவில் சொல்கிறது. வெளிநாட்டு நீதிமன்றம் நேரடியாக விசாரித்து முடிவு சொன்ன விஷயம் அதே தரப்பினரைக் கட்டுப்படுத்தும் என்பது பொது விதி. அந்த விதிக்கு ஆறு விலக்குகள் உண்டு. விசாரிக்கும் அதிகாரம் இல்லாத நீதிமன்றம் கொடுத்தது, வழக்கின் சாரத்துக்குள் போகாமல் கொடுத்தது, இந்தியச் சட்டம் பொருந்த வேண்டிய இடத்தில் அதை ஏற்க மறுத்துக் கொடுத்தது, எதிர்த்தரப்புக்குப் பேச நியாயமான வாய்ப்பு தராமல் கொடுத்தது, மோசடியாக வாங்கியது, இந்தியச் சட்டத்தை மீறிய கோரிக்கையை ஏற்றுக் கொடுத்தது. இந்த ஆறில் ஒன்று இருந்தாலும் அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது.

நிலம் வாங்கும்போது நாம் முத்திரைத்தாளை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. விற்கிறவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா, பங்காளிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று மூலப்பத்திரம் வரை போய்ப் பார்க்கிறோம். வெளிநாட்டு விவாகரத்துத் தீர்ப்பையும் நம் நீதிமன்றம் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறது.

இதற்கு உச்ச நீதிமன்றத்தில் இரண்டு பெரிய வழக்குகள் வழிகாட்டி. முதலாவது சத்யா – தேஜா சிங் வழக்கு. 1955இல் ஜலந்தரில் கல்யாணம், இரண்டு குழந்தைகள். வனத்துறையில் வேலை பார்த்த கணவர் 1959இல் மேற்படிப்புக்கு அமெரிக்கா போனார். மனைவியும் பிள்ளைகளும் இங்கேயே இருந்தார்கள். 1964இல் அவர் நெவாடா மாநில நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கிக்கொண்டார். ஆறு வாரம் தங்கியிருந்தாலே வழக்குப் போடலாம் என்று சட்டம் வைத்திருந்த மாநிலம் அது. மனைவி இங்கே ஜீவனாம்சம் கேட்டபோது, “அவள் இப்போது என் மனைவியே இல்லை” என்று அந்தத் தீர்ப்பைக் காட்டினார். பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 1974இல் அதைத் தள்ளியது. நெவாடாவை நிரந்தர வசிப்பிடமாக்கும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை. தீர்ப்பு வாங்குவதற்காக மட்டும் அங்கே குடியிருப்பதாகக் காட்டிக்கொண்டார். அப்படி நீதிமன்றத்தை நம்பவைத்து வாங்கிய தீர்ப்பு மோசடியால் வந்தது என்று சொல்லிவிட்டது.

இரண்டாவது வழக்கு நமக்கு இன்னும் பக்கம், திருப்பதியில் தொடங்கியது. ஒய்.நரசிம்மராவ் – ஒய்.வெங்கடலட்சுமி வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. 1975 பிப்ரவரியில் திருப்பதியில் கல்யாணம். 1978இல் இருவரும் பிரிந்தார்கள். கணவர் முதலில் திருப்பதி சார்பு நீதிமன்றத்திலேயே விவாகரத்து கேட்டார். பிறகு அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுன்டி நீதிமன்றத்துக்குப் போனார். அந்த மாநிலத்தில் 90 நாள் வசித்திருந்தால் போதும். கல்யாணம் மீளமுடியாதபடி முறிந்துவிட்டது என்ற காரணத்துக்காக 1980 பிப்ரவரியில் தீர்ப்பு கிடைத்தது. 1981 நவம்பரில் யாதகிரிகுட்டாவில் அவர் இன்னொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். முதல் மனைவி இருதாரமணப் புகார் கொடுத்தார்.

அந்தப் பெண் செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். மிசௌரியிலிருந்து நோட்டீஸ் வந்தபோது அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. நேரில் போகவும் இல்லை. “உங்கள் நீதிமன்றத்துக்கு இந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம் இல்லை, அந்த அதிகாரத்தை ஏற்காமலேயே இந்தப் பதிலை அனுப்புகிறேன்” என்ற நிலையில் நின்று பதில் அனுப்பினார். பிற்பாடு அது அவருக்குக் கை கொடுத்தது. எதிர்ப்புத் தெரிவித்து ஒரு பதில் அனுப்பினாலே வழக்கில் கலந்துகொண்டதாக ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

1991 ஜூலையில் வந்த அந்தத் தீர்ப்பை நீதிபதி பி.பி.சாவந்த் எழுதினார். அதன் சாரம் இதுதான்: எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஒப்புக்கொள்ளும் நீதிமன்றம்தான், அந்தச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணத்துக்காகத்தான் அதை முறிக்கலாம். இந்து திருமணச் சட்டப்படி கல்யாணம் நடந்தால் முறிப்பதற்கும் அந்தச் சட்டம்தான் அளவுகோல். இதற்கு மூன்று விதிவிலக்குகளையும் நீதிமன்றமே கொடுத்தது.

ஒன்று, யார்மீது வழக்கோ அவர் அந்த நாட்டிலேயே நிலையாகக் குடியிருக்க வேண்டும். தீர்ப்பின் காரணமும் நம் சட்டத்தில் உள்ளதாக இருக்க வேண்டும். உதாரணமாக, ராஜபாளையத்துத் தம்பதி இருவரும் பத்து வருஷமாக நியூஜெர்சியில்தான் இருக்கிறார்கள், கொடுமை என்ற காரணத்தை விசாரித்து அங்கே தீர்ப்பானது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இதில் அடங்கும்.

இரண்டு, யார்மீது வழக்கோ அவர் தானாக முன்வந்து அந்த நீதிமன்றத்தை ஏற்று, வக்கீல் வைத்து வழக்காடியிருக்க வேண்டும். இங்கேயும் காரணம் நம் சட்டத்தில் உள்ளதாக இருக்க வேண்டும்.

மூன்று, அந்த நீதிமன்றத்துக்கு நம் சட்டப்படி அதிகாரம் இல்லாவிட்டாலும், எதிர்த்தரப்பு விவாகரத்துக்கு மனமார ஒப்புக்கொண்டிருந்தால் போதும்.

“அப்ப, என் பொண்ணு ஒண்ணுலயும் கையெழுத்துப் போடலையே தம்பி” என்கிறீர்கள். அதுதான் விஷயம், அண்ணாச்சி. இங்கே இருப்பவருக்கு நோட்டீஸ் மட்டும் அனுப்பிவிட்டு, அவர் வராத நிலையில் ஒருதரப்பாகக் கொடுத்த தீர்ப்பு இந்த மூன்றிலும் அடங்காது.

அந்த 1991 தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. சம்மன் கையில் சேர்ந்துவிட்டது என்பதாலேயே வாய்ப்பு கொடுத்ததாக ஆகிவிடாது என்கிறது உச்ச நீதிமன்றம். எதிர்த்தரப்பால் உண்மையிலேயே வந்து வழக்காட முடியுமா என்று அந்த வெளிநாட்டு நீதிமன்றம் பார்த்திருக்க வேண்டும். முடியாதென்றால் பயணச் செலவு, தங்கும் செலவு, வக்கீல் செலவு எல்லாவற்றுக்கும் வழக்குப் போட்டவரிடமிருந்து ஏற்பாடு செய்து கொடுத்திருக்க வேண்டும் என்கிறது. விசாவும் இல்லாமல், டாலரும் இல்லாமல் இங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து, “உனக்குத்தான் நோட்டீஸ் அனுப்பினோமே, நீ ஏன் வரவில்லை” என்று கேட்பது நியாயமாகாது. அதை நாட்டின் உச்ச நீதிமன்றம் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறது.

அடுத்து, காரணம். இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் யார்மீதும் குற்றம் சொல்லாமல் விவாகரத்து வாங்க வழி உண்டு; பல மாநிலங்களில் ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னாலே போதும். இங்கிலாந்திலும் 2022 ஏப்ரலிலிருந்து அப்படித்தான். நம் இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் கொடுமை, கைவிட்டுப் போதல், பிறரோடு உறவு என்று காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. கல்யாணம் மீளமுடியாதபடி முறிந்துவிட்டது என்ற காரணம் அந்த வரிசையில் இன்றுவரை இல்லை. 2023 மே மாதம் ஷில்பா சைலேஷ் வழக்கில், அரசியல் சாசனத்தின் 142ஆம் பிரிவைக் கொண்டு தான் அந்தக் காரணத்துக்காக விவாகரத்து கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உரியது. ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கோ அது கிடையாது. அதனால் ஒத்துவரவில்லை என்ற காரணத்துக்காக ஒருவர் மட்டும் கேட்டு வாங்கிய அமெரிக்கத் தீர்ப்பு இங்கே வலுவிழந்து நிற்கிறது. இருவரும் சேர்ந்து கேட்டிருந்தால் கதையே வேறு. நம் சட்டத்திலும் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்து இருக்கிறது. சம்மதம் இருந்தால் மூன்றாவது விதிவிலக்கு துணைக்கு வரும்.

இவ்வளவும் இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணங்களுக்கு. கிறிஸ்தவர், முஸ்லிம், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தவர் எல்லோருக்கும் அவரவர் சட்டம் அளவுகோலாக வரும். சிபிசி 13ஆம் பிரிவின் ஆறு விலக்குகள் எல்லோருக்கும் பொது.

“செல்லாதுன்னா என்ன ஆயிடும்? ரெண்டு பேரும் பிரிஞ்சாச்சு, அவர் பாட்டுக்கு அங்க, இவ பாட்டுக்கு இங்க.” நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. சட்டக் கண்ணுக்கு உங்கள் மகள் இன்னும் அவருடைய மனைவி. இந்த நிலையில் இன்னொரு கல்யாணம் செய்துவைத்தால் அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. இருதாரமணம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். அங்கே இருக்கும் மாப்பிள்ளைக்கும் இதே சட்டம்தான். அவர் ஊருக்கு வந்து இன்னொரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டினால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து சிக்கும்.

வழக்குப் போட யாரும் வராவிட்டாலும் சொத்து ஒருநாள் பேசும். கணவர் உயில் எழுதாமல் இறந்துபோனால் அவர் மனைவி முதல் வகுப்பு வாரிசு. தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று கேட்டு நிற்கும்போது “மனைவி யார்” என்ற கேள்வி வரும். வெளிநாட்டு விவாகரத்து செல்லாதென்றால் முதல் மனைவிதான் வாரிசு. இரண்டாவதாக வந்தவருக்கு அந்த இடம் கிடையாது. பிள்ளைகளைச் சட்டம் கைவிடவில்லை. செல்லாத திருமணத்தில் பிறந்தாலும் அவர்கள் முறையான பிள்ளைகள்தான், பெற்றோர் சொத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டாவதாக வந்த பெண் மட்டும் ஒரு பாவமும் செய்யாமல் நடுத்தெருவில் நிற்பார்.

சரி, இப்போது என்ன செய்வது? மூன்று விதமான குடும்பங்கள் இருக்கின்றன.

முதலாவது, இருவரும் ஒத்துக்கொண்டு அங்கே ஏற்கெனவே தீர்ப்பு வாங்கிவிட்டவர்கள். இவர்கள் பயப்பட வேண்டியதில்லை, காகிதத்தைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். மெயிலில் வந்த பிரதியும் ஜெராக்ஸும் போதாது. திருப்பதி வழக்கிலேயே நகலுக்கு முறையான சான்று இல்லை என்பது ஒரு குறையாகப் பேசப்பட்டது. தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இருவர் தரப்பிலும் வக்கீல் ஆஜரான பதிவு என்று சம்மதத்தைக் காட்டும் எல்லாவற்றின் நகலும் வேண்டும். அமெரிக்கா, இங்கிலாந்து, சிங்கப்பூர் ஆவணமென்றால் அப்போஸ்டில் முத்திரை வாங்குங்கள். இந்தியா 2005இலிருந்து அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அமீரகம் அதில் இல்லை. அங்கே வெளியுறவு அமைச்சகத்தின் சான்றும் இந்தியத் தூதரகத்தின் சான்றும் வாங்கி, அரபியில் உள்ளதை முறையாக மொழிபெயர்க்க வேண்டும்.

வெளிநாட்டு விவாகரத்தைப் பதிந்துகொள்ள நம் ஊரில் தனி அலுவலகம் எதுவும் இல்லை. சிபிசி 13ஆம் பிரிவைத் தாண்டி நிற்கும் தீர்ப்பு தானாகவே செல்லும். ஆனாலும் யாராவது பின்னால் கேள்வி எழுப்புவார்கள் என்ற பயம் இருந்தால், “இந்தத் திருமணம் முடிந்துவிட்டது, இவர் இப்போது இன்னாரின் மனைவி அல்ல” என்று அறிவிக்கக் கோரி விளம்புகை வழக்குப் போடலாம். விருதுநகர் மாவட்டத்துக்குத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். உங்கள் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

இரண்டாவது, பிரிய ஒத்துக்கொண்டு இன்னும் எங்கேயும் வழக்குப் போடாதவர்கள். இவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்: இங்கேயே 13பி மனுப் போடுங்கள். இருவரும் வெளிநாட்டில் இருந்தாலும், கல்யாணம் ராஜபாளையத்தில் நடந்திருந்தால் அந்த ஓர் உண்மையே இங்கே வழக்குப் போட வழி தருகிறது. ஒரு வருஷம் பிரிந்து இருந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பின் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. அதைத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் அனுமதித்தால் காணொளி வழியாகவும் வாக்குமூலம் கொடுக்கலாம்.

மூன்றாவது, உங்கள் மகளைப் போல, கேட்காமலே தீர்ப்பு வந்து சேர்ந்தவர்கள். சம்மன் மட்டும் வந்திருந்தால் கிழித்துப் போடக் கூடாது. இங்கே கட்டுப்படுத்தாத தீர்ப்புகூட அங்கே செல்லும். அங்குள்ள வீடு, வங்கிக் கணக்கு, பிள்ளைகள் விஷயத்தில் அது வேலை செய்யும். புரியாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பவும் கூடாது. அந்தக் கையெழுத்தே சம்மதமாக மாறிவிடும். வக்கீலைக் கொண்டு, அதிகாரத்தை ஏற்கவில்லை என்று எழுதி அனுப்பி, அனுப்பிய சான்றைப் பத்திரமாக வைக்க வேண்டும். தீர்ப்பே வந்துவிட்டால், மகளுக்கும் இந்த உறவு வேண்டாமென்றால், அந்தப் பேப்பரை நம்பி வரன் பார்க்காமல் இங்கே மகள் பெயரில் விவாகரத்து மனுப் போடுங்கள். கொடுமை ஒரு காரணமாகலாம். இரண்டு வருஷம் கைவிட்டுப் போனது ஒரு காரணமாகலாம். மாப்பிள்ளைக்கும் முறையாக முடிவதுதான் வேண்டுமென்றால் பரஸ்பர சம்மதத்துக்கே வரவழைக்கலாம். மனைவி தான் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்று 2003இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஜீவனாம்சமும் இங்கேயே கேட்கலாம்.

செலவுக்குப் பயந்து நிற்காதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச வக்கீல் உதவி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

பணத்துக்கும் பிள்ளைக்கும் தனிக் கணக்கு. பணம் கொடுக்கச் சொல்லும் வெளிநாட்டுத் தீர்ப்பு, இந்திய அரசு அறிவித்த நாடுகளின் மேல்நிலை நீதிமன்றத்திலிருந்து வந்திருந்தால், சிபிசி 44ஏ பிரிவின்படி நேராக மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கேட்கலாம். இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா அந்தப் பட்டியலில் உண்டு. அமீரகம் 2020இல் சேர்ந்தது. அமெரிக்கா இல்லை, அந்தத் தீர்ப்பை ஆதாரமாக வைத்து மூன்று வருஷத்துக்குள் இங்கே புது வழக்குப் போட வேண்டும். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதில் வெளிநாட்டு உத்தரவை நம் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். கடைசியில் பிள்ளையின் நலனைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

இவ்வளவு பெரிய விஷயத்துக்கு நம்மிடம் தனிச் சட்டம் இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். வெளிநாட்டு விவாகரத்துகளை ஏற்பதற்கென்று சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1976லேயே தன் 65ஆவது அறிக்கையில் எழுதியது. 1994இல் நீரஜா சராஃப் வழக்கில், இங்கே நடந்த கல்யாணத்தை வெளிநாட்டு நீதிமன்றம் ரத்து செய்ய முடியாதபடி சட்டம் கொண்டுவருவதை யோசியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. 2009இல் இன்னொரு அறிக்கை வந்தது. 2024 பிப்ரவரியில் 287ஆவது அறிக்கையும் வெளிநாடுவாழ் இந்தியரின் திருமணங்களுக்கு முழுமையான மத்தியச் சட்டம் கேட்டது. விவாகரத்துகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்பதற்கான 1970ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்திலும் இந்தியா சேரவில்லை. நீதிபதிகள் தீர்ப்புக்குத் தீர்ப்பு கட்டிக்கொடுத்த பாதையில்தான் இன்றுவரை நம் பெண்கள் நடக்கிறார்கள். அந்தப் பாதையை நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும்.

அதுவரை, அண்ணாச்சி, நம் கையில் இருப்பதைச் செய்வோம். உங்கள் வீட்டுக்கு வெளிநாட்டில் விவாகரத்தானவர் என்று ஒரு வரன் வந்தாலும் இதையே கேளுங்கள். தீர்ப்பைக் காட்டச் சொல்லுங்கள். யார் வழக்குப் போட்டார், மற்றவர் ஒப்புக்கொண்டாரா, என்ன காரணத்துக்காகக் கொடுத்தார்கள் என்று ஒரு வக்கீலை வைத்துப் படித்துப் பாருங்கள். மற்றவர் குரல் அதில் எங்கேயும் இல்லையென்றால், அது சரியாகும்வரை தேதி குறிக்காதீர்கள். அது உங்கள் பிள்ளைக்கான பாதுகாப்பு. நாம் பார்த்தே இராத அந்த இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டிய நியாயமும் அதுதான்.